நான்கு வரி அறிவிப்பு

எங்கோ இரண்டு நாடுகள் மோதிக்கொண்டதில் கடலடிக் கேபிள் அறுந்தது. பாளையங்கோட்டை மேலாண்மைக் கல்லூரி ஒன்றில், எதையும் மூன்று சொல்லில் சுருக்கித் தரும் இயந்திரம் படுத்துவிட்டது.

தேர்வறையில் ஷர்மிளா எழுந்து நின்றாள். "சார், கேள்வி முழுசா ஒரு வரி இருக்கு. இதை எப்படி சார் படிக்கது?"

'உலகப் பிரச்சினைகள் நிறுவனங்களை எவ்வாறு பாதிக்கின்றன?' என்பதே அந்தப் பெருங்காவியம்.

பேராசிரியர் இசக்கியப்பன் அன்றைக்கு எல்லாரையும் அனுப்பிவிட்டார். கேபிள் சரியாகும்வரை தேர்வே கிடையாது என்று நான்கு வரி அறிவிப்பு எழுதி, முதல்வரிடம் கையெழுத்து வாங்கி, வாசலில் ஒட்டினார்.

மறுநாள் காலை நூற்றிருபது பேரும் அதைத் தாண்டி வந்து அடுத்த தேர்வுக்கு உட்கார்ந்திருந்தார்கள். தலையில் அடித்துக்கொண்டு அவர் முதல்வர் அறைக்கு ஓடினார்.

"என்னவே, மணி பத்தாச்சு!" என்று முதல்வர் சீறினார். "கொஸ்டின் பேப்பர் இன்னுமா கொடுக்கல?"