முதல் பக்கத்துக் குங்குமம்

"உமக்கென்ன விசரே, யோகமலர்? நூத்தியெழுபது வருசத்துப் புத்தகம்! அதிலை போய்க் குங்குமத்தை அப்பி வைச்சிருக்கிறீர்!"

ஜெயரட்ணம் ஈர ரிஷ்யூப் பேப்பரால் துடைக்கத் துடைக்க, பொட்டு மங்கியதே தவிரப் போகவில்லை.

போன வருசம் வாங்கின இந்த அஜின்கோர்ட் வீட்டின் பேஸ்மென்றில், அலமாரிக்குப் பின்னால் கிடந்த புத்தகம் அது. யூதப் பெண்களுக்கான பிரார்த்தனைகளும் பக்திப் பாட்டுகளும் ஜெர்மன் மொழியில் இருக்கின்றன என்று மகன் அபிஷன் போனில் பார்த்துச் சொன்னான். சாமிப் புத்தகம் என்றால் சாமிப் புத்தகம்தானே! சரஸ்வதி பூசைக்கு மற்றப் புத்தகங்களோடு அதையும் அடுக்கி, எல்லாவற்றுக்கும் வைத்ததுபோல யோகமலர் அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டாள்.

இப்போது அபிஷன் புத்தகத்தின் சொந்தக்காரியைத் தேடிப் பிடித்துவிட்டான். முன்பு இந்த வீட்டில் இருந்த மனிசியின் மகள். பெயர் ரூத். வந்துகொண்டிருக்கிறா.

"கேட்டா என்ன சொல்லுவீர்? வேறை சமயத்து ஆக்களின்ர புத்தகத்திலை கை வைச்சிட்டீர்! மானம் போகப்போகுது!"

"கும்பிட்டுத்தானேயப்பா வைச்சனான்..."

யோகமலருக்குக் கண் கலங்கியது. ஒருத்தியின் பரம்பரைச் சொத்தைக் கெடுத்துப்போட்டேனே என்று நினைத்தாள்.

பெல் அடித்தது.

ரூத்துக்கு ஐம்பது வயது மதிக்கலாம். சப்பாத்தைக் கழற்றினதும் முதல் வேலையாகப் புத்தகத்தை வாங்கி முத்தமிட்டு, நடுவிலே விரித்தா. பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான்.

"இந்த மெழுகைப் பாருங்கோ. அம்மம்மாவின்ர அம்மம்மா வெள்ளிக்கிழமை விளக்கேத்தேக்கை விழுந்தது. இந்த மாப்பிடிச்ச விரலடையாளம் அவவின்ர மகளின்ர. இது நோயாளிப் பிள்ளைக்கான பிரார்த்தனை. எழுத்துக் கரைஞ்சிருக்குப் பாருங்கோ, என்ர அம்மம்மா அழுதது. என்ர அம்மாதான் இதைத் திறந்தும் பாக்கேல்லை. எல்லாம் அவவோடை முடிஞ்சுபோச்சு எண்டு நினைச்சன்."

பக்கங்களைப் புரட்டிப் புரட்டி முதல் பக்கத்துக்கு வந்தா. கை அப்படியே நின்றது.

"இது என்ன?"

ஜெயரட்ணம் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். "சொறி, சொறி! என்ர மனிசிக்கு விளங்கேல்லை. பூசை எண்டு சொல்லி..."

"பூசையோ? அப்ப, என்ர அம்மா மூடி வைச்ச புத்தகத்தை இன்னொரு அம்மா எடுத்துக் கும்பிட்டிருக்கிறா!"

ரூத் யோகமலரைக் கட்டிப்பிடித்துக்கொண்டா. யோகமலருக்குச் சந்தோசத்தில் அழுகையே வந்துவிட்டது.

பிறகு ரூத் அந்தப் பக்கத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. முகம் சுருங்கியது.

"ஆனா இதை ஆரோ அழிக்கப் பார்த்திருக்கினமே! ஆர் இந்த அநியாயத்தைச் செய்தது?"

ஜெயரட்ணம் ஈர ரிஷ்யூப் பேப்பரை மெல்லக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் தள்ளினார்.

யோகமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"என்னப்பா முழுசிக்கொண்டு நிக்கிறியள்? போய் அந்தக் குங்குமச் செப்பை எடுத்துக்கொண்டு வாங்கோ!"