புதுசு மாதிரி

கடல்நுரைக்கல் என்னும் வெள்ளைக் கல்லில் செதுக்கிய அந்தப் பழைய புகையிலைப் பைப், புகைபட்டுப் புகைபட்டுத் தேன் நிறமாகியிருந்தது. பழுதுபார்ப்பவருக்கு அதில் கை வைக்கவே மனம் வரவில்லை.

"இந்த நிறத்துக்குத்தாம்மா மதிப்பே. மெழுகு போட்டுத் தேய்ச்சுத் தர்றேன், போதும்."

கொண்டுவந்த பெண் விடுவதாயில்லை. "நான் என்ன விக்கவா போறேன்? வீட்டுக்காரர் திரும்பி வந்தா அசந்து போகணும். சுரண்டுங்க."

சுரண்டினார். கல் வெளுத்தது.

"வாய் வைக்கிற இடத்துல பல்லு பதிஞ்சிருக்கு. முன்பல் உடைஞ்சவரா?"

"ஆமா. நான் கோபப்பட்டா அந்தப் பல்லைக் காட்டித்தான் சிரிப்பார். அதையும் தேய்ச்சிடுங்க."

"அது இருந்தாத்தானேம்மா அவரோடதுன்னு தெரியும்?"

"தேய்ங்க."

தேய்த்து முடித்தபோது ஒரு போலீஸ்காரர் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"பைப்பை எடுத்துட்டு நேரா ஸ்டேஷனுக்கு வரச் சொன்னா, இங்க உக்காந்திருக்கீங்க. ஆத்துல கிடைச்ச உடம்புக்கு முகமே தெரியலம்மா. இதுல இருக்கிற பல் தடத்தை வெச்சுத்தான் உங்க வீட்டுக்காரரான்னு பாக்கணும்."

அவள் பைப்பை நீட்டினாள். போலீஸ்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழுதுபார்ப்பவர் தன் மேஜையில் கிடந்த தூளைப் பார்த்தார்.

"தடம் எதுவுமே இல்லையே."

"இல்லைல்ல?" என்றாள் அவள். "அப்ப அது அவர் இல்ல."