படாக் மரத்து வெட்டுகள்

பாராடாங் தீவில் ரோடு போடக் காட்டை வெட்டிக்கொண்டிருந்த வருஷம். மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏற்றிவிடச் சொல்லித் தினமும் நச்சரித்த கூலியாள் உதயசூரியனை, மேஸ்திரி பக்தவத்சலம் ஒரு படாக் மரத்தடியில் வைத்துக் கழுத்தில் ஒரே வெட்டாக வெட்டிச் சாய்த்தார். அங்கேயே புதைத்தார். ஓடையில் முதலை இழுத்துக்கொண்டு போய்விட்டதென்று கேம்ப்பில் சொன்னார்.

மறுநாள் காலை அந்த மரத்தில் ஒரு வெட்டு இருந்தது. சிவப்பாகப் பால் வழிந்தது. அடுத்த நாள் புதிதாக இரண்டு. பிறகு மூன்று, ஐந்து, எட்டு.

சாயங்காலம் கோடாலிகளை எண்ணி வாங்கிப் பெட்டியில் பூட்டுவது கேம்ப் வழக்கம். சாவி மேஸ்திரியின் இடுப்பை விட்டு இறங்காது.

"முந்தாநாள் அஞ்சு, நேத்து எட்டு. ரெண்டையும் கூட்டினா இன்னிக்குப் பதிமூணு இருக்கணும்," என்றான் சமையல்கார ஜமீல். "தினமும் இந்த ஹிசாப்தான் மேஸ்திரி. ஆனா மொத நாள் ஒண்ணுதானே? மறுநாள் ரெண்டு எப்படி வந்துச்சு? அதுக்கும் முன்னாடி எங்கேயோ ஒரு வெட்டு விழுந்திருக்கணுமே?"

மேஸ்திரி அவனை வாயில் ரத்தம் வர அறைந்துவிட்டு மரத்துக்குப் போனார்.

பால் காயாத புது வெட்டுகளை எண்ணினார். பன்னிரண்டு. மரத்தைச் சுற்றிவந்து மறுபடி எண்ணினார். பன்னிரண்டேதான்.

ஜமீலின் கணக்கு தப்பிவிட்டது. வாய்விட்டுச் சிரித்தார். கழுத்தில் வியர்வை வழிவதுபோல் இருந்தது. துடைக்கக் கையை வைத்தார்.

விரல்கள் உள்ளே போயின.