ஆளுக்கொரு முதல் வரி

இன்று கூட்டணிக் கட்சித் தலைவர்களுக்குப் பிரதமர் அரசின் முன்னுரிமைகளை வாசித்தார். பேச்சு ஒன்றுதான். ஆனால் ஒவ்வொருவர் காதுக்கருவியிலும் அவரவர் கோரிக்கையே முதலாவதாக ஒலிக்கும். பேச்சை மொழிபெயர்க்கும்போது அப்படி அடுக்கித் தருவது என் வேலை. இது பொய்யல்ல, மரியாதை என்று பயிற்சியில் சொன்னார்கள்.

அந்தத் தலைவர்களில் ஒருவரும் எங்கள் ஊர்க்காரருமான செங்கமலம் அம்மாவுக்குக் குடிநீர்த் திட்டத்தை முதலில் வைத்தேன். பிரதமர் வாசித்த அசல் பட்டியலில் அது இல்லவே இல்லை. இரண்டு முறை சரிபார்த்தேன்.

வெளியே வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, முதல் வரியே நம்ம ஊர்த் தண்ணிதான்யா!"

மாலையில் நான் படிக்கும் வகுப்பின் வாசலில் நின்றபோது, ஊரிலிருந்து என் அம்மா கைபேசியில் அழைத்தாள்.

"குழாய்த் தண்ணி வருதுன்னு செங்கமலம் ஊருக்கே சொல்லிட்டாங்கடா. லாரித் தண்ணிப் பட்டியல்லேருந்து நம்ம பேரை எடுக்கச் சொல்லிட்டேன். இல்லாதவங்க பிடிச்சுக்கட்டும்."

"சரிம்மா" என்றேன்.

வகுப்பு முடிந்து இதை எழுதுகிறேன். இன்னும் அம்மாவை அழைக்கவில்லை.