இரைச்சல்

பூமியின் ஆழத்தைப் படமெடுக்கும் நிலநடுக்க ஆய்வு நிலையத்துக்குச் செங்கமலம் தன் வீட்டுச் சுவர் விரிசல்விட்ட கதையோடு வந்திருந்தாள். "குவாரியில வெடியே வைக்கலைன்னு ஆபீசருங்க எழுதிட்டாங்க. உங்க மிஷினாச்சும் பாத்திருக்குமே, தம்பி?"

இளவழுதி அங்கே அலைப் பதிவுகளைக் கவனிப்பவன். எங்கோ நிலம் நடுங்கினால் அந்த அலை பூமிக்குள் வளைந்து இங்கே வரும். வந்துசேரும் நேரத்தை வைத்து உள்ளே இருப்பது பாறையா, உருகிய குழம்பா என்று அறியலாம். பக்கத்துக் குவாரியின் வெடி அந்தப் பதிவைக் கலைத்துவிடும் என்பதால், வெடியின் அதிர்வை இரைச்சலென்று தினமும் அழிப்பவன் அவன்தான்.

தரை அதிர்ந்தது. திரையில் கோடு எகிறியது.

"குவாரிதான். வழக்கம்போல அழிச்சிடுய்யா," என்றார் நிலையத் தலைவர்.

"மூவாயிரம் கிலோமீட்டர் ஆழத்தைப் பாக்குறோம் சார். இங்கேருந்து மூணாவது கிலோமீட்டர்ல இந்தம்மா வீடு!"

"அது நம்ம வேலையில்ல." தானே அழிக்க அவர் எழுந்து வந்தார்.

இளவழுதி அவர் கைக்கு எட்டாமல் கீபோர்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.