சுவரில் ஒரு தோள்

பள்ளிப் புகைப்பட மன்றத்துக்கு இருந்தது ஒரே ஒரு கேமரா. அன்று அதைக் கழுத்தில் மாட்டியவர் இன்னொருவர் கையில் தரக் கூடாது. எடுப்பவரின் நிழல் விழுந்த படத்தைப் பலகையில் ஒட்டமாட்டார்கள். இரண்டும் அருளப்பன் சார் போட்ட சட்டம். ஒன்பது தடவை வெளியே போயும், கேமரா சுல்பிகாவிடமோ பெனிலாவிடமோதான் இருந்தது. அதனால் இருவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. திங்கட்கிழமை முதல் சுல்பிகாவுக்கு வேறு ஊர், வேறு பள்ளி.

கலங்கரை விளக்கத்தின் வெள்ளைச் சுவரோரம் அவளை நிற்க வைத்துவிட்டு, பெனிலா கேமராவோடு சாயும் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

“ஏட்டி, உன் நிழல் விழுது. சார் பாத்தா தொலைஞ்ச.”

“விழட்டும். நீ கொஞ்சம் தள்ளி நில்லு.”

“இன்னுமா?”

“போதும், போதும். ரொம்பத் தள்ளினா நான் தனியா நிப்பேன்.”

சுல்பிகாவுக்கு அப்போதுதான் புரிந்தது. தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, பக்கத்தில் சுவரில் நின்ற நிழலின் தோளில் கையைப் போட்டாள். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

“எடுக்கலையாட்டி?”

அவள் கைக்கடியில் நிழலின் தோள் லேசாகக் குலுங்கியது.