ஆறுதலாப் பிரிப்பம்

"காசு வந்து இரண்டு மாசமாச்சு. இன்னும் ஏன் அண்ணை பிரிக்கேல்லை?"

வாமதேவன் எழுந்து நின்று கேட்டார். மோர்டன் சேர்ச் மண்டபத்தில் கூடியிருந்த மரணச் சகாய சங்கத்து ஆட்கள் எல்லோரும், அதுதானே என்பதுபோலத் தலையாட்டினார்கள்.

பொருளாளர் செபஸ்தியாம்பிள்ளை இருந்த இடத்திலேயே சிரித்தார்.

"ஆறுதலாப் பிரிப்பம் தம்பி. இப்ப என்ன அவசரம்?"

பக்கத்து நாற்காலியில் இருந்த நவநீத்துக்குச் சுருக்கென்றது. அவன் தஞ்சாவூர்ப் பிள்ளை. அவனுக்குத் தெரிந்த ஆறுதல், சாவு வீட்டில் சொல்வது. காசைக் கேட்டால் மனுஷன் ஆறுதல் சொல்கிறாரே என்று போன கூட்டத்தில் திகைத்தான். யாழ்ப்பாணத்துக்காரர் வாயில் அதற்கு 'மெதுவாக' என்று அர்த்தமாம். அது விளங்கியபின் கோபம் இன்னும் கூடியது.

கூடாதா பின்னே? அந்தக் காசை மீட்டுக் கொடுத்தவனே அவன்தான்.

இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் வரிக் கணக்குப் பார்ப்பவன் அவன். சங்கத்தின் கணக்கு அவனுக்கு ஒரே பார்வையில் பிடிபட்டுவிட்டது. மாதாமாதம் எல்லோரும் சந்தா போடுவார்கள். ஒருவர் செத்தால் அந்த வீட்டுக்குக் கொடுப்பார்கள். மிஞ்சுவது எல்லோருக்கும் பொது. அந்த மிச்சத்தை லாபம் என்று நினைத்து, பழைய கணக்காளர் ஒருவர் வருஷா வருஷம் வரி கட்டித் தொலைத்திருந்தார்.

"நம்ம காசை நாமே போட்டு நாமே எடுத்துக்கிட்டா அது லாபமே இல்லீங்க. லாபம் இல்லேன்னா வரி ஏது?" என்று நவநீத்தான் எடுத்துச் சொன்னான். ஒரு பென்னிகூடக் கூலி வாங்காமல் வரிக்காரரோடு மல்லுக்கட்டி, கட்டியதைத் திருப்பியும் வாங்கிக் கொடுத்தான்.

சாமி வரம் கொடுத்தாயிற்று. பூசாரிதான் கொடுக்கமாட்டேன் என்கிறார்!

"நாங்கள் என்ன மடையரோ?" வாமதேவனின் குரல் ஏறியது. "பாங்கில கிடந்தா வட்டி வரும். அந்த வட்டி ஆரின்ர பொக்கற்றுக்குப் போகுது?"

தேநீர்த் தட்டோடு வந்த செபஸ்தியாம்பிள்ளையின் மனைவி அருள்மலர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

செபஸ்தியாம்பிள்ளைக்கு முகம் கறுத்தது. ஆனாலும் குரல் உயரவில்லை.

"அடுத்த கூட்டத்தில பேர் வாசிச்சுக் குடுக்கிறன். அதுவரைக்கும் பொறுங்கோ."

"போன மாசமும் இதைத்தானே சொன்னனீங்கள்!"

வாமதேவன் மனைவி பிறேமினியைக் கூட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். மற்றவர்களும் 'வாறன்' என்றுகூடச் சொல்லாமல் கலைந்தார்கள். தேநீரை யாரும் தொடவில்லை.

நாற்காலிகளை அடுக்கும்போது நவநீத் பொறுக்கமாட்டாமல் கேட்டான்.

"சார், எனக்கே அவமானமா இருக்கு. நாளைக்கு நானும் கூட்டுன்னுவாங்க. இன்னிக்கே பிரிச்சுக் குடுத்தா என்ன?"

"இண்டைக்குப் பிரிச்சா ஒராளுக்கு வராது, தம்பி."

"ஏன்?"

"ஆறு மாசம் சந்தா கட்டாட்டி உறுப்பினர் இல்லை எண்டது எங்கட விதி. அந்தாளுக்கு வேலை போயிட்டுது, சந்தாவும் கட்டேல்லை, விதியும் மறந்துபோச்சுப் போல. வீட்டில சொல்லேல்லை. காலமை வேலைக்குப் போற மாதிரி வெளிக்கிட்டு, பார்க்கில குந்தியிருந்திட்டுப் பின்னேரம் வீட்டை போகுது. நான் என்ர கண்ணால கண்டனான்."

நவநீத் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தான்.

"நாங்கள் பேர் வாசிச்சுத்தான் குடுக்கிறது. மனுசிக்காரி பக்கத்தில இருப்பா. எல்லாற்ற பேரும் வந்து, தன்ர மனுசன்ர பேர் மட்டும் வராட்டி அவ என்ன நினைப்பா, சொல்லுங்கோ?"

"அவருக்காக நீங்களே சந்தாவைக் கட்டியிருக்கலாமே?"

"நல்ல கதை! அவரவர் காசை அவரவர் போட்டாத்தான் சங்கம் எண்டு படிப்பிச்சது ஆர்? நீங்கள்தானே!" செபஸ்தியாம்பிள்ளை சிரித்தார். "அதோட, நான் கட்டினது தெரிஞ்சா அந்தாள் தாங்காது. என்ர மருமகன்ர கடையில ஒரு வேலைக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். நான் சொன்னதெண்டு அந்தாளுக்குத் தெரியாது. திங்கள் தொடங்குது. அடுத்த கூட்டத்துக்கு முதல் சம்பளம் வந்திடும். நிலுவையை மெல்லக் கேட்டு வாங்கிப்போடுவன். கட்டினா பேர் திரும்ப ஏறும்."

நவநீத்துக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனிதரையா பூசாரி என்று நினைத்தோம்?

"எவ்வளவு பேச்சு கேட்டீங்க சார், அவருக்காக! யார் அது?"

செபஸ்தியாம்பிள்ளை கடைசி நாற்காலியைத் தூக்கி அடுக்கின் மேல் வைத்தார்.

"இண்டைக்கு ஆகக் கூடுதலாச் சத்தம் போட்டது ஆர்?"

நவநீத் வாயைத் திறக்குமுன் கதவு படாரென்று திறந்தது. வாமதேவன். மறந்துவிட்ட குடையை எடுக்க வந்திருந்தார். பின்னால் பிறேமினி.

"என்ன, இரண்டு பேரும் ஒளிச்சிருந்து கதைக்கிறியளோ?" குடையை எடுத்தவர் நவநீத்தின் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்கோ தம்பி. எப்ப எங்கட காசு?"

செபஸ்தியாம்பிள்ளை பதில் சொல்ல வாயெடுத்தார். நவநீத் முந்திக்கொண்டான்.

"ஆறுதலாப் பிரிப்பம், அண்ணை."

சொன்னது எந்த ஊர் ஆறுதல் என்று அவனுக்கே தெரியவில்லை.